ஆறு செகண்டுதானே என்று சொல்லும் முன்

மும்பை மாதுங்காவில் ஒரு மாடியில் இரண்டு அறையை வாடகைக்கு எடுத்து விளம்பர மெட்டு, கல்யாண வீடியோ, பாட்காஸ்ட் என்று கலந்துகட்டி ஒலி வேலை செய்கிறேன். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் செம்பூர், தாராவி, முலுண்ட் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள். ஏதோ ஒரு பிஜிஎம் துண்டைப் பென் டிரைவில் கொண்டுவருவார்கள். நான் வாயைத் திறப்பதற்குள், "ஆறு செகண்டுதாண்ணே, ஒண்ணும் ஆகாது" என்று முந்திக்கொள்வார்கள். இன்னொருவனுக்கு அது ஏழு செகண்ட். மூன்றாமவனுக்கு எட்டு சுரம். யார் சொன்னது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது.

சட்டத்தில் அப்படி ஒரு எண்ணே கிடையாது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 14ஆம் பிரிவில், ஒரு படைப்பு அல்லது அதன் கணிசமான பகுதி என்று மட்டும்தான் சொல்கிறது. எத்தனை செகண்ட் இருந்தால் கணிசம் என்று எங்கும் எழுதவில்லை. (காப்புரிமை என்றுதான் வாயில் வருகிறது. பேடன்டுக்கும் பத்திரிகைகள் அதே சொல்லைப் போடுவதால் இங்கே பதிப்புரிமை என்றே எழுதுகிறேன்.)

இந்த ஆறு செகண்டு நம்பிக்கையை உடைத்த வழக்கு நடந்ததே நம் ஊரில்தான். 2008இல், ஒரு கைபேசி விளம்பரத்துக்குத் தான் போட்ட மெட்டு 'கிரேசி 4' என்ற இந்திப் படப் பாட்டில் வந்திருக்கிறது என்று இசையமைப்பாளர் ராம் சம்பத் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். எதிர்த்தரப்பில் அந்தப் படத்தின் இசையமைப்பாளர் ராஜேஷ் ரோஷன். எடுத்தது சின்னத் துண்டுதான். ஆனால் நீதிபதி இரண்டையும் தாமே கேட்டுப் பார்த்தார். எத்தனை சுரம் என்பதோடு, கேட்கிறவன் காது எதைப் பிடித்துக்கொள்கிறது என்பதும் அங்கே கேள்வி ஆனது. பாட்டின் உயிரே அந்தத் துண்டில் இருந்தால் அது சின்னதாக இருப்பது காப்பாற்றாது. தடை வந்தது, பிறகு 2 கோடி ரூபாய்க்குச் சமரசம் ஆனதாகச் செய்திகள் வந்தன.

அப்போ துளி எடுத்தாலும் ஆபத்தா? அதுவும் இல்லை. 2012இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் இந்தியா டிவிக்கும் யஷ் ராஜ் படத் தயாரிப்பு நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில், நிகழ்ச்சி ஒன்றில் பாடகி தன் பாட்டுகளிலிருந்து சில வரிகளைப் பாடிக் காட்டியதும், நுகர்வோர் விழிப்புணர்வு விளம்பரம் ஒன்றில் ஒரு பாட்டு வரி வந்ததும் பிரச்சினை. இவ்வளவு அற்பமான விஷயத்துக்கெல்லாம் சட்டம் இறங்கி வராது என்று நீதிமன்றம் விட்டுவிட்டது. ஆனால் அங்கேயும் செகண்டை மட்டும் எண்ணவில்லை. பாதிப்பு எவ்வளவு, செய்தவர் எண்ணம் என்ன என்பதையும் பார்த்தார்கள். சின்னது என்பதால் மட்டும் ஒரு துண்டு தப்புவதும் இல்லை, மாட்டுவதும் இல்லை.

நேர் எதிர்த்தவறும் உண்டு. நாலு சுரத்தை அடுக்கிவிட்டு, "இது என்னுது, எவனும் தொடக் கூடாது" என்று நிற்பது. சண்முகானந்தா அரங்கில் பாடகர் 'மகஸா நிபதஸா' என்று ஒரு பிடி பிடித்தால் பின்வரிசை மாமா காம்போதி ராகம் என்று தலையாட்டிவிடுவார். அந்தப் பிடி யாருடையது? காம்போதி பாடிய எல்லோருடையதும். ஆகவே யாருடையதும் இல்லை. ராகத்தின் ஆரோகண அவரோகணம் (சுரம் ஏறி இறங்கும் வரிசை), வழக்கமான பிரயோகம், தாளக் கட்டு இவையெல்லாம் செங்கல், சிமெண்ட் மாதிரி. அதை வைத்துக் கட்டிய வீட்டுக்குத்தான் பட்டா. அமெரிக்காவில் பாடகி கேட்டி பெரியின் பாட்டு ஒன்றில் திரும்பத் திரும்ப வரும் எட்டு சுரத் துண்டைப் பற்றி 2022இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னதும் ஏறக்குறைய இதுதான்: எல்லோரும் புழங்குகிற பொருளை இப்படி அடுக்கியதற்கு ஏகபோகம் தர முடியாது.

ஆனால் 'ராகம் பொது' என்பதை எல்லாவற்றுக்கும் கேடயமாகப் பிடிக்கவும் கூடாது. இந்துஸ்தானி துருபத் பாடகர்களான டாகர் குடும்பத்தின் 'சிவ ஸ்துதி' உருப்படிக்கும் ஏ.ஆர். ரஹ்மானின் 'வீரா ராஜ வீரா'வுக்கும் டெல்லியில் நடந்த வழக்கைக் கவனித்தவர்களுக்குத் தெரியும். 2025 ஏப்ரலில் தனி நீதிபதி வாதியான டாகர் குடும்பத்துக்குச் சாதகமாக இடைக்கால உத்தரவு போட்டார். செப்டம்பரில் இரு நீதிபதி அமர்வு அதை ரத்து செய்தது. ரத்து ஆனது 'ராகம் ஒன்றுதானே' என்பதால் இல்லை. அந்த உருப்படியை இயற்றியது டாகர் குடும்பத்தார்தான் என்பதற்கு முதல் பார்வையிலேயே ஆதாரம் போதவில்லை என்பதால். பாடிப் பேர் வாங்கியவரும் இயற்றியவரும் ஒருவரே என்று தானாக ஆகிவிடாது.

என் அனுபவத்தில் அதிகம் பேர் வழுக்கி விழுவது வேறு இடத்தில். மெட்டு வேறு, ஒலிப்பதிவு வேறு. ஒரே பாட்டில் இரண்டு உரிமை; பல நேரம் சொந்தக்காரரும் இரண்டு பேர். அமெரிக்காவில் பீஸ்டி பாய்ஸ் என்ற ராப் குழு ஒரு ஜாஸ் கலைஞரின் புல்லாங்குழல் பதிவிலிருந்து ஆறு செகண்ட் எடுத்தார்கள். பதிவுக்கு அனுமதி வாங்கினார்கள், மெட்டுக்கு வாங்கவில்லை. மெட்டாகப் பார்த்தால் அது வெறும் மூன்று சுரம், அதனால் தப்பித்தார்கள். ஜெர்மனியில் கதை தலைகீழ். கிராஃப்ட்வெர்க் என்ற எலக்ட்ரானிக் இசைக் குழுவின் பதிவிலிருந்து இரண்டே செகண்ட் தாளத்தை அப்படியே வெட்டி எடுத்த வழக்கில், காதுக்கு அடையாளம் தெரிகிறபடி பதிவிலிருந்து எடுத்தால் எவ்வளவு சின்னத் துண்டானாலும் பதிவுக்காரர் தடுக்கலாம் என்று 2019இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. இந்தியாவில் இவை நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் கீபோர்டில் நாமே வாசிப்பதும் ஃபைலிலிருந்து வெட்டி ஒட்டுவதும் ஒன்றல்ல என்பது புரிய வேண்டும். நான் பையன்களிடம் முதலில் கேட்பது அதைத்தான்: வாசிச்சியா, வெட்டினியா?

இதே குழப்பம் கர்நாடக இசைக்கும் வரும். தியாகராஜர் 1847இல் மறைந்தார்; கீர்த்தனை யாரும் பாடலாம். அதற்காக, போன வருஷம் ஒருவர் பாடிப் பதிவு செய்த அதே கீர்த்தனையின் ஆலாபனைத் துண்டை ரீல்ஸில் போடலாம் என்று ஆகாது. பழசு எல்லாமே பொது என்றும் இல்லை. பாபநாசம் சிவன் 1973இல்தான் மறைந்தார். இறந்த ஆண்டு முடிந்து 60 வருஷம் என்பது நம் கணக்கு. அவர் பாட்டுகளுக்கு 2033 கடைசி வரை உரிமை ஓடும்.

'நன்றி: இசையமைப்பாளர்' என்று போட்டால் போதும் என்கிறார்கள். அது வெறும் மரியாதை, அனுமதி இல்லை. யூடியூபில் கிளெய்ம் (உரிமை கோரும் அறிவிப்பு) வராவிட்டால் சரிதான் என்பதும் அப்படியே: அது கம்ப்யூட்டர் பொருத்திப் பார்க்கிற வேலை. வராததும் தீர்ப்பில்லை, வந்ததும் தீர்ப்பில்லை. கல்யாணத்தில் பாட்டு வாசிக்கச் சட்டத்தில் விலக்கு உண்டு. அந்த வீடியோவை இணையத்தில் ஏற்றும்போது அந்த விலக்கு கூடவே வராது.

இனி, மூன்று செகண்ட் மெட்டு போட்டு அதைக் காப்பாற்ற நினைப்பவர்கள். கடை ஜிங்கிள், ஆப் திறக்கும்போது வரும் ஒலி மாதிரியானவற்றுக்குப் பதிப்புரிமையை மட்டும் நம்பி உட்காருவது தவறு. வர்த்தகச் சின்னமாகப் பதியலாம். 2017 விதிகளின்படி 30 செகண்டுக்கு மேற்படாத எம்பி3, கூடவே சுரக்குறிப்பு கொடுக்க வேண்டும். நோக்கியா மெட்டு ஸ்பெயின் நாட்டு டார்ரேகாவின் 1902 கிட்டார் உருப்படியிலிருந்து வந்தது. அவர் 1909இலேயே போய்விட்டார். மெட்டு பொதுவாகியும் அந்தச் சில சுரங்கள் கம்பெனியின் சின்னமாகப் பதிவாகியிருந்தன.

பதிப்புரிமைக்குப் பதிவு கட்டாயமில்லை. 1994 திருத்தத்துக்குப் பிறகு எழுதிய சுரக்குறிப்பு இருந்தால்தான் இசைப் படைப்பு என்பதும் இல்லை. வழக்கென்று வந்தால் யார் முதலில் போட்டது என்பதற்குத்தான் அடிதடி. மிக்ஸ் முடிந்ததும் அதற்கு ஆதாரமாகிற ப்ராஜெக்ட் ஃபைலை அழித்துவிட்டு எம்பி3யை மட்டும் வைத்துக்கொள்கிற பழக்கம் நம் பையன்கள் எல்லோருக்கும் இருக்கிறது. ஹார்ட் டிஸ்க் நிறைந்துவிட்டது என்று நானே இரண்டு வருஷ வேலையை அழித்திருக்கிறேன்.