ஸ்காட்லாந்து மலைகளில் வானிலையும் கூட்டமும்: நடப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்காட்லாந்தின் மலைகளை அவற்றின் உயரத்தை மட்டும் கொண்டு எடைபோடுவதிலிருந்தே பல தவறுகள் தொடங்குகின்றன. பிரிட்டனின் மிக உயர்ந்த சிகரமான பென் நெவிஸ் 1,345 மீட்டர்தான். ஆனால் ஏற்றம் தொடங்கும் கிளென் நெவிஸ் பள்ளத்தாக்கு ஏறத்தாழக் கடல் மட்டத்திலேயே இருப்பதால், அந்த உயரம் முழுவதையும் நடந்தே கடக்க வேண்டும். அட்லாண்டிக்கிலிருந்து வரும் ஈரக்காற்று இம்மலைகளில்தான் மோதி மேலெழுகிறது. ஆகவே அடிவாரத்தில் வெயில் அடிக்கும்போதே உச்சி மேகத்துக்குள் மறைந்திருப்பது இங்கே வழக்கமான காட்சி. அடிவாரத்து ஃபோர்ட் வில்லியம் நகரில் 15 பாகை வெப்பம் இருந்தால் உச்சியில் 6 பாகை அளவில் இருக்கலாம்; அங்கே மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் காற்றும் வீசினால், உடல் உணரும் குளிர் உறைநிலையை ஒட்டிவிடும். ஜீன்ஸும் பருத்திச் சட்டையும் நனைந்துவிட்டால் காய்வதில்லை, உடலின் சூட்டையும் உறிஞ்சிக்கொள்ளும் என்பதால், கோடையிலும் அவற்றைத் தவிர்ப்பது நல்லது.

செல்பேசியில் நகரத்துக்கான முன்னறிவிப்பைப் பார்த்துவிட்டு மலைக்குக் கிளம்புவது இன்னொரு தவறு. மலைகளுக்கென்றே முன்னறிவிப்பு தரும் மவுண்டன் வெதர் இன்ஃபர்மேஷன் சர்வீஸ், உச்சியில் காற்றின் வேகம் என்ன, அது நடப்பவரை எப்படிப் பாதிக்கும், மேகம் எந்த உயரத்தில் தங்கும், உறைநிலை எங்கே தொடங்கும் என்பவற்றையெல்லாம் தனித்தனியே சொல்கிறது. பலர் மழையை மட்டும் பார்க்கிறார்கள். காற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கெய்ர்ன்கார்ம் உச்சியில் 1986 மார்ச் 20 அன்று பதிவான சூறைக்காற்றின் வேகம் மணிக்கு 173 மைல். அது அபூர்வம்தான் என்றாலும், அதில் கால்பங்கு வேகமே முகட்டில் நடப்பவரைத் தடுமாற வைக்கப் போதும். மலையை முதலில் முடிவுசெய்துவிட்டு வானிலையைப் பிறகு பார்ப்பதைவிட, வானிலையைப் பார்த்தபின் மலையைத் தேர்ந்தெடுப்பதே முறை. விடுதிக்கு முன்பணம் கட்டிவிட்டோம் என்பதற்காக மேலே ஏறுகிறவர்கள் இம்முறையைத்தான் தலைகீழாக்குகிறார்கள்.

இவை எல்லாவற்றையும்விட ஆபத்தானதாக எனக்குத் தோன்றுவது, கூட்டத்தைப் பாதுகாப்பாகக் கருதும் மனநிலை. ஸ்காட்லாந்து, இங்கிலாந்து, வேல்ஸ் ஆகியவற்றின் மிக உயர்ந்த மூன்று சிகரங்களை 24 மணி நேரத்தில் ஏறி முடிக்கும் சவாலுக்காகவும் அறப்பணிக்கு நிதி திரட்டவும் வருபவர்களால், கோடை வார இறுதிகளில் பென் நெவிஸ் பாதை நிரம்பி வழியும். இத்தனை பேர் போகிறார்களே என்று வரைபடமும் திசைகாட்டியும் இல்லாமல் பின்தொடர்பவருக்கு, முன்னே செல்பவரும் அவரைப் போலவே இன்னொருவரைப் பின்தொடர்பவராக இருக்கலாம் என்பது நினைவுக்கு வருவதில்லை. உச்சியில் மேகம் இறங்கியதும் அந்தக் கூட்டம் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது. இறங்கும் வழியிலிருந்து வடக்கே சில அடி விலகினால் கார்டிலூ பிளவின் செங்குத்துச் சரிவு. பிறகு இடப்பக்கம் அதிகமாக ஒதுங்கினால் ஃபைவ் ஃபிங்கர் பிளவு. உச்சியின் நில அளவைத் தூணிலிருந்து வரைபட வடக்கிலிருந்து வலஞ்சுழியாக 231 பாகைத் திசையில் 150 மீட்டர் நடந்து, பிறகு 282 பாகைத் திசைக்குத் திரும்பி இறங்க வேண்டும் என்பதை ஏறுவதற்கு முன்பே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். மேட்டில் மே மாதத்திலும் பனி கிடக்கக்கூடும்; அப்போது தடம் காட்டும் கற்குவியல்களும் எப்போதும் கண்ணுக்குத் தெரியும் என்று சொல்ல முடியாது.

கூட்டத்தைத் தவிர்க்க எண்ணுபவர்களும் தவறு செய்கிறார்கள். முற்பகல் நெரிசல் குறையட்டும் என்று தாமதமாகக் கிளம்புவது ஜூன் மாதத்தில் சிக்கலில்லை. ஆனால் டிசம்பர் இறுதியில் ஸ்காட்லாந்தின் மலைநாடான ஹைலேண்ட்ஸ் பகுதியின் பகற்பொழுது ஏழு மணி நேரத்துக்கும் குறைவு. கிடைமட்டமாக 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, அதனுடன் ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் ஒரு மணி என்று கணக்கிடச் சொல்லும் நேஸ்மித் விதி 1892ஆம் ஆண்டு முதல் வழக்கில் இருக்கிறது. ஓய்வும் பனியும் அதில் சேர்க்கப்படவில்லை. ஆகவே வார நாளில், விடியற்காலையில் கிளம்புவதே மேல். வாகன நிறுத்துமிடம் நிறைந்திருந்தால் சாலையோரப் புல்லில் வண்டியைச் செருகாதீர்கள். குறுகலான அந்தச் சாலையில்தான் ஆம்புலன்ஸும் வர வேண்டும்.

3,000 அடிக்கு மேற்பட்ட 282 முன்ரோ சிகரங்களையே எல்லாரும் நாடுவதால், 2,500 அடிக்கும் 3,000 அடிக்கும் இடைப்பட்ட கார்பெட் மலைகள் பெரும்பாலும் அமைதியாக இருக்கின்றன. காட்சியிலும் அவை சளைத்தவையல்ல. எனினும் அங்கே தேய்ந்த பாதை பல இடங்களில் கிடையாது, உதவிக்கு வழிப்போக்கரும் கிடைக்கமாட்டார். எனவே வரைபடம் படிக்கக் கற்றுக்கொண்ட பிறகே அந்தப் பக்கம் திரும்ப வேண்டும். காலையில் தாண்டிக் கடந்த ஓடை, மழைக்குப் பின் மாலையில் கடக்க முடியாத வெள்ளமாகிவிடும். அப்போது சுற்றிக்கொண்டு போவதுதான் வழி. காற்றில்லாத கோடை மாலைகளில் மிட்ஜ் எனும் கடிக்கும் சிற்றீக்கள் மொய்க்கும் என்பதால், தலையை மூடும் வலை கைவசம் இருக்கட்டும்.

எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பதைக் கீழே இருக்கும் ஒருவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். மலையில் ஆபத்து நேர்ந்தால் 999ஐ அழைத்து, முதலில் காவல்துறையையும் பிறகு மலை மீட்புக் குழுவையும் கேட்க வேண்டும். சிக்னல் வலுவில்லாத இடங்களில் அதே எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் வசதி உண்டு. ஆனால் அதற்கு முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும் என்பதால், அதை வீட்டிலேயே முடித்துவிடுங்கள்.