எல்.பி. (குறைந்த அழுத்த) டர்பைனின் கடைசி ஸ்டேஜில் ஈர நீராவியை அளப்பது

இங்கே வெப்பமானி உதவாது. 0.1 பார் அழுத்தத்தில் ஈர நீராவி, அதாவது நீர்த்துளி கலந்த நீராவி, 45.8 டிகிரி செல்சியஸில்தான் நிற்கும். அதில் நீர் 3 சதவீதமா 10 சதவீதமா என்பது அந்த எண்ணில் தெரியாது. அழுத்தத்தை ஒரு கருவியாலும் ஈரத்தை இன்னொன்றாலும் அளந்தாக வேண்டும்.

முதலில், வேகமாக மாறும் அழுத்தத்தைப் பிடிக்கும் சென்சாரின் பதிவு வேகத்தை (நொடிக்கு எத்தனை முறை அளவைப் பதிவது என்பதை) முடிவு செய்யுங்கள். 3000 ஆர்பிஎம், 60 பிளேடு என்றால் நொடிக்கு 3000 பிளேடு சென்சாரைக் கடக்கும். 200 கிலோஹெர்ட்ஸில் பதிந்தால் பிளேடுக்கு 66 புள்ளி கிடைக்கும், அது போதும். ஷாஃப்டிலிருந்து சுற்றுக்கு ஒரு பல்ஸும் கூடவே பதிவாக வேண்டும். அது இல்லாமல் சுற்றுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் சராசரி எடுக்க முடியாது.

பெரிய தலைவலி புரோப்பின் (சென்சாரைத் தாங்கி நீராவிக்குள் நுழையும் குச்சியின்) துளைதான். 0.3 மிமீ துளை வாயில் நீர் அடைத்தால் பரப்பு இழுவிசையால் மட்டும் 9 மில்லிபார் வரை பிழை வரும். நாம் அளப்பதே 100 மில்லிபார்! போதாததற்கு, அந்த நீர் வேகமான ஏற்ற இறக்கத்தையும் மழுக்கிவிடும். ஆகவே முனைக்குள் சிறு ஹீட்டர் வைத்து, அந்த அழுத்தத்தின் கொதிநிலைக்குச் சில டிகிரி மேலே வைத்திருங்கள். கேலிபரேஷனையும் ஹீட்டர் ஓடும்போதே செய்யுங்கள். குளிர்ந்த சென்சாரின் கணக்கு சூடான சென்சாருக்குப் பொருந்தாது. அப்படியும் துளி மோதும்போது சிக்னலில் கூர்முனைகள் வரும். அவை பிளேடு சுழற்சியோடு ஒத்து வராதவை என்பதால் சராசரிக்குப் பதில் இடைநிலை மதிப்பை எடுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

சராசரி அழுத்தத்துக்கான ஐந்து துளைப் புரோப்பில் வேலை எளிது. உள்ளே வெற்றிடம் என்பதால் வால்வைத் திறந்தாலே வெளிக்காற்று பாய்ந்து குழாய்களில் தேங்கிய நீரைத் துடைத்துவிடும். மூடி, அளவு நிலைத்த பிறகு படியுங்கள். கேசிங்கில் புரோப் நுழையும் கிளாண்டு (கசிவுத் தடுப்பு) கசிந்தால் மட்டும் கண்டென்சர் வெற்றிடம் கெடும்.

ஈரத்துக்கு ஒளிப் புரோப். இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட அலைநீளங்களில் ஒளி எவ்வளவு மங்குகிறது என்று பார்த்து, துளியின் சராசரி அளவையும் நீரின் பங்கையும் கணக்கிடலாம். அடிப்படை ஒளியளவை ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னும் பின்னும் சுத்தமான காற்றில் எடுங்கள். இரண்டும் ஒத்துவராவிட்டால் புரோப்பின் கண்ணாடியில் நீர் படிந்திருக்கலாம், அந்தத் தரவைத் தள்ளிவிடுங்கள்.

இதில் தெரிவது 1 மைக்ரான் சுற்றிலும் அதற்குக் கீழும் உள்ள மூடுபனித் துளிகள்தான். பிளேடின் பின்விளிம்பிலிருந்து பிய்ந்து வரும் பத்து, நூறு மைக்ரான் துளிகள் அதே எடைக்கு மிகக் குறைவாகவே ஒளியை மறைக்கும். பிளேடை அரிப்பவை அவைதான்; அவற்றைப் பிடிக்கத் தனியே கேமராப் புரோப் வேண்டும்.