சரடோகா: திருப்புமுனையைத் தப்பாகப் புரிந்துகொள்ளாதீர்கள்

அமெரிக்கப் புரட்சியின் திருப்புமுனை 1777இல் நடந்த சரடோகா போர் என்று படித்திருப்போம். சரி, அது எப்படித் திருப்பியது? அங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள்.

முதல் தவறு, களத்தில் சுட்டுக்கொண்ட அந்த இரண்டு நாட்களை மட்டும் பார்ப்பது. கனடாவிலிருந்து தெற்கே இறங்கிய பிரிட்டிஷ் தளபதி பர்கோய்னைக் காடே பாதி தோற்கடித்துவிட்டது. அமெரிக்கர்கள் மரங்களை வெட்டிப் பாதையின் குறுக்கே சாய்த்தார்கள், பாலங்களை உடைத்தார்கள். சுமார் 35 கிலோமீட்டரைக் கடக்க ஏறக்குறைய மூன்று வாரம் ஆனது. குதிரையும் உணவும் தேடி அவர் அனுப்பிய படை ஆகஸ்டில் பென்னிங்டன் அருகே சிதறியது. தெற்கிலிருந்து கைகொடுப்பார் என்று நம்பிய இன்னொரு பிரிட்டிஷ் தளபதி ஹௌ, பிலடெல்பியாவைப் பிடிக்கப் போய்விட்டார். அக்டோபர் 17 அன்று பர்கோய்னின் படையில் கிட்டத்தட்ட 6,000 பேர் ஆயுதத்தைக் கீழே வைத்தார்கள்.

வெற்றியை ஒரே வீரர் கணக்கில் எழுதுவதும் சரியல்ல. சரடோகாவில் ஒரு பூட்ஸ் காலைச் செதுக்கிய கல் நிற்கிறது. அங்கே காலில் குண்டடிபட்ட அமெரிக்கத் தளபதி பெனடிக்ட் ஆர்னால்டுக்கான நினைவுச்சின்னம் அது. பின்னாளில் எதிரிப் பக்கம் போனவர் என்பதால் அதில் அவர் பெயரே இல்லை. ஒரு கல்லுக்கே இவ்வளவு சிக்கல்!

அடுத்தது, வெற்றியைப் பார்த்த பிறகுதான் பிரான்ஸ் உதவியது என்று நினைப்பது. துப்பாக்கியும் வெடிமருந்தும் அதற்கு முன்பே ரகசியமாக வந்துகொண்டிருந்தன. ஒளிந்து கொடுத்தவர்கள் வெளிப்படையாகக் கை கோத்ததுதான் மாற்றம். 1778 பிப்ரவரி 6 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. அதோடு போர் முடிந்ததா என்றால் இல்லை. அந்தக் குளிர்காலத்தில் வேலி ஃபோர்ஜ் முகாமில் வாஷிங்டனின் வீரர்கள் நோயில் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். யார்க்டவுன் வெற்றிக்கு 1781 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அங்கும் பிரெஞ்சுக் கப்பல்கள் கடல்வழியை அடைத்ததால்தான் பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ் சிக்கினார்.

நம்மவர்கள் பெரும்பாலும் செய்யும் இன்னொரு தவறு: இந்தப் போரை அமெரிக்க வரைபடத்துக்குள்ளேயே அடைத்துவிடுவது. பிரான்ஸ் களமிறங்கியதும் ஆங்கிலேயர் 1778இல் புதுச்சேரியையும், அடுத்த ஆண்டு மாஹேயையும் பிடித்தார்கள். மாஹே தன் பாதுகாப்பில் இருப்பதாகச் சொல்லியிருந்த ஹைதர் அலி கொதித்தார். 1780இல் அவர் படை அன்று கர்நாடகம் எனப்பட்ட ஆற்காடு நவாபின் பகுதிக்குள் புகுந்தது. 1783 ஜூனில் பிரெஞ்சுக்காரர் கையிலிருந்த கடலூரை ஆங்கிலேயர் முற்றுகையிட்டிருந்தார்கள், கடலில் இரு கப்பற்படைகளும் மோதின. ஐரோப்பாவில் சமாதானம் ஆகிவிட்ட செய்தி அதற்குப் பிறகுதான் வந்து சேர்ந்தது. கடலூரில் பீரங்கிகள் ஓய்ந்தன.