12 அங்குல மயக்கம்: பேண்ட்சா வாங்குமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிளேடு மாற்றும்போது பிளக்கைக் கழற்ற வேண்டும், ஓடும் பிளேடுக்கு நேரே விரல் போகக்கூடாது என்பதெல்லாம் எந்தக் கையேட்டிலும் இருக்கும். இங்கே எடுத்துக்கொள்வது, இரண்டு சக்கரங்களில் வளையமாக ஓடும் பட்டை பிளேடு கொண்ட பேண்ட்சா ரம்பத்தை வாங்கும்போதே நடந்துவிடும் தவறுகளை. பழகிய கைகள் ஒரு காலத்தில் செய்தவற்றையே புதியவர்களும் வரிசை மாறாமல் செய்துகொண்டிருக்கிறார்கள்.

14 அங்குல பேண்ட்சா என்பதில் 14 எதன் அளவு

சக்கரத்தின் விட்டம். பிளேடிலிருந்து பின்தூண் வரை உள்ள இடைவெளி அதைவிடச் சற்றுக் குறைவாக, 13½ அங்குலம் போல இருக்கும். எவ்வளவு உயரமான கட்டையை அறுக்கலாம் என்பதற்கும் இந்த எண்ணுக்கும் தொடர்பில்லை.

உயரத்தை மட்டும் பார்த்து வாங்குவது

எல்லாவற்றிலும் அதிகம் செலவு வைப்பது இதுதான். விவரத்தாளின் முதல் வரியிலேயே கொட்டை எழுத்தில் நிற்கும்: “12 அங்குல உயரம் வரை அறுக்கும்.” அந்த எண் சொல்வதெல்லாம் மேசைக்கும், பிளேடை விலகாமல் பிடிக்கும் மேல் கைடுக்கும் நடுவே 12 அங்குல வெற்றிடம் இருக்கிறது என்பதைத்தான். கட்டை உள்ளே நுழையும். நேராக அறுபடுமா என்பதைச் சட்டமும் பிளேடை இறுக்கும் ஸ்பிரிங்கும் மோட்டாரும் தீர்மானிக்கின்றன. அவற்றைப் பற்றி அந்தத் தாளில் பெரும்பாலும் மோட்டாரின் குதிரைத்திறனைத் தவிர ஒன்றும் இருக்காது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கார்பன் ஸ்டீல் பிளேடு நேராக ஓட, சதுர அங்குலத்துக்கு 15,000 முதல் 20,000 பவுண்டு இழுவிசை வேண்டும். அரை அங்குல அகலமும் 0.025 அங்குலத் தடிமனும் உள்ள பிளேடில், பற்களுக்கு இடையிலான பள்ளங்களைக் கழித்தால் மிஞ்சும் குறுக்குவெட்டு ஏறத்தாழ 0.01 சதுர அங்குலம். 20,000 என்று வைத்தால் 200 பவுண்டு. பிளேடு சக்கரத்தின் இரு பக்கமும் இறங்குவதால் மேல் சக்கரத்தின் மேல் 400 பவுண்டு, அதாவது 180 கிலோ. முக்கால் அங்குல அகலம், 0.032 அங்குலத் தடிமன் கொண்ட பைமெட்டல் (இரட்டை உலோக) பிளேடை 25,000 வரை இறுக்கினால் இதே சுமை 400 கிலோவைத் தாண்டிவிடும். “முக்கால் அங்குல பிளேடு வரை பொருந்தும்” என்று அதே தாளில் எழுதியிருப்பதும் பாதி உண்மைதான். சக்கரத்தில் பொருந்தும். ஆனால் சிறிய 14 அங்குல ரம்பங்கள் பலவற்றில் அந்த இறுக்கம் வருமுன்பே ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டிவிடும், சட்டமும் வளையத் தொடங்கும். போதாக்குறைக்கு, தடித்த பிளேடு 14 அங்குலச் சக்கரத்தில் சுற்றிச் சுற்றி வளைந்து, மழுங்குவதற்கு முன்பே பல்லடியில் விரிசல் விடும்.

பலகையை விளிம்பில் நிறுத்தித் தடிமனில் இரண்டாகப் பிளக்கும்போது, இறுக்கம் குறைந்த பிளேடு உயரமான கட்டைக்குள் என்ன செய்யும்? கைடுகளுக்கு இடையிலான தூரம் 6 அங்குலத்திலிருந்து 12 ஆனால், அதே தள்ளுக்குப் பிளேடு குறைந்தது இரண்டு மடங்கு ஒதுங்கும். பலகையின் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் அளவுக்குச் சரியாக இருக்கும். பிளந்த இரண்டு துண்டுகளையும் பிரித்தால் ஒன்றில் நடுவே தொப்பை, மற்றொன்றில் அதற்கேற்ற குழி. உடனே, பலகையை நேராக வழிநடத்தும் ஃபென்ஸைத் திருகுவார்கள். சரிவராது. கைடை மாற்றுவார்கள், பிறகு விலை கூடிய பிளேடு ஒன்று வாங்குவார்கள். எரிச்சலே இங்கேதான்: குறை சட்டத்திலும் ஸ்பிரிங்கிலும் இருக்க, அவற்றை மாற்ற முடியாமல் மற்றதையெல்லாம் மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

உயரம் கூட்டும் இடைக்கட்டையைப் பின்தூணில் சேர்த்து 6 அங்குலத்தை 12 ஆக்கும் வழியும் உண்டு. 93½ அங்குல பிளேடு ஓடிய இடத்தில் இனி சுமார் 105 அங்குல பிளேடு வேண்டும். கையிலிருந்த பிளேடுகள் அத்தனையும் வீண். தூணின் நீளம் கூடியதால் அதே இறுக்கத்துக்குச் சட்டம் இன்னும் அதிகம் வளையும். மோட்டாரோ பழைய மோட்டார்தான். முக்கால் அல்லது 1 குதிரைத்திறன் 6 அங்குலப் பலகையைப் பிளக்கும். 12 அங்குலக் கடின மரத்துக்கு 1½ இல்லாமல் இறங்க வேண்டாம், 2 இருந்தால் நிம்மதி.

ஆகவே முதலில் உங்கள் மரத்தை அளந்து பாருங்கள். கையில் 6 அங்குல ஜாயின்டர் (பலகையைச் சமன்படுத்தும் இயந்திரம்) இருப்பவர் அதைவிட அகலமான பலகையைப் பிளப்பதற்கு முன்னால் அதன் முகத்தை எப்படிச் சமன்படுத்தப் போகிறார்? வீட்டுப் பட்டறையில் பெரும்பாலான வேலை 6 முதல் 8 அங்குலத்துக்குள் முடிந்துவிடும். அந்த உயரத்தை உறுதியாக அறுக்கும் ரம்பம், 12 என்று எழுதிய தள்ளாடும் ரம்பத்தைவிட எத்தனையோ மேல். உண்மையிலேயே 12 வேண்டுமென்றால் வெல்டிங் செய்த எஃகுப் பெட்டிச் சட்டம் உள்ளதைத் தேடுங்கள்.

வாங்குமுன் ஒரு சோதனை. நீங்கள் பயன்படுத்தப்போகும் அகலமான பிளேடை மாட்டச் சொல்லி முழுதாக இறுக்குங்கள். ஸ்பிரிங் சுருள்களுக்கு நடுவே இடைவெளி மிச்சம் இருக்க வேண்டும். கைடை 6 அங்குலம் உயர்த்தி, பிளேடின் நடுவில் பக்கவாட்டில் விரலால் அழுத்தினால் கால் அங்குலத்துக்கு மேல் நகரக்கூடாது. ரம்பத்தில் இருக்கும் இறுக்க அளவுகோலை நம்ப வேண்டாம், அது தோராயம்.

கைடு தண்டைத் தூக்கிப் பார்க்காமல் விடுவது

கைடைக் கீழே வைத்து, பின்பக்க பேரிங்குக்கும் பிளேடுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். பிறகு உச்சிவரை தூக்கிப் பூட்டிவிட்டு மறுபடி பாருங்கள். இடைவெளி மாறினால் தண்டு செங்குத்தாக இல்லை. பலகையின் உயரம் மாறும் ஒவ்வொரு முறையும் கைடுகளைப் புதிதாகச் சரிசெய்ய வேண்டியிருக்கும். வாங்கிய பிறகு இதைத் திருத்துவது பல ரம்பங்களில் முடியாது.

பேரிங் கைடா, பீங்கான் கைடா

எதுவானாலும் சரி.

கோணம் மாற்ற முடியாத ஃபென்ஸ்

பற்கள் இருபுறமும் விலகி நிற்கும் விரிப்பு ஒரு பக்கம் கூடுதலாக இருந்தாலோ, சக்கரத்தின் மேட்டில் பிளேடு உட்காரும் இடம் மாறினாலோ அறுப்பு ஒரு பக்கம் சாயும். விளிம்புக்கு இணையாகக் கோடு போட்ட பலகையை ஃபென்ஸ் இல்லாமல் கோட்டோடு பாதிவரை அறுத்து, அசையாமல் பிடித்து, மோட்டாரை நிறுத்திவிட்டு, பலகையின் விளிம்புக்கு இணையாக ஃபென்ஸைத் திருப்பிப் பூட்ட வேண்டும். திருப்ப இடம் தராத ஃபென்ஸ் என்றால் பிளேடு மாற்றும்போதெல்லாம் தொல்லை.

கூட வரும் பிளேடை வைத்து எடைபோடுவது

பெரும்பாலும் அது ரம்பம் சுற்றுகிறது என்று காட்டுவதற்கு மட்டுமே. ரம்பத்தோடு சேர்த்தே இரண்டு பிளேடுக்குப் பணம் ஒதுக்குங்கள். பிளக்க, அங்குலத்துக்கு 3 பல் உள்ள அரை அங்குல பிளேடு. வளைவுகளுக்கு 6 பல் உள்ள கால் அங்குல பிளேடு. 6 பல் பிளேடால் 8 அங்குலப் பலகையைப் பிளந்தால் ஒரே நேரத்தில் 48 பற்கள் மரத்துக்குள் இருக்கும். பள்ளங்களில் தூள் அடைந்து, பிளேடு சூடாகி, விலகி ஓடும். வளைவிலும் எல்லை உண்டு: கால் அங்குல பிளேடு சுமார் ⅝ அங்குல ஆரம்வரை திரும்பும், அரை அங்குல பிளேடுக்கு 2½ அங்குலமாவது வேண்டும்.

தூசிக் குழாய்

4 அங்குல வாய் இருக்கட்டும். கீழ்ச் சக்கரத்தின் ரப்பரில் தூள் அப்பினால் பிளேடு இடம் மாறும்.

மெல்லிய நீட்டிப்பு வயர்

கூடாது. மின்னழுத்தம் குறையும், மோட்டார் சுடும்.

லேசர் கோடு

அதற்காக ஒரு பைசாகூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். அந்தப் பணத்துக்கு, பிளேடின் இறுக்கத்தை ஒரே இழுப்பில் தளர்த்தும் நெம்புகோல் உள்ள மாடலைக் கேளுங்கள். திருகுப்பிடியை இருபது சுற்று சுற்றித் தளர்த்த வேண்டுமென்றால் நாலாம் நாளே யாரும் தளர்த்த மாட்டார்கள். இறுக்கத்திலேயே மாதக்கணக்கில் நிற்கும் ரம்பத்தின் ரப்பரில் தடம் விழும், ஸ்பிரிங்கும் சோர்ந்துவிடும்.