ஹோல்டிங் கம்பெனி கணக்கு எனக்குப் பிடிபட்ட விதம்

பி.காமில் எங்கள் வகுப்பையே திணறடித்தது ஹோல்டிங் கம்பெனி கணக்குதான்: பெரும்பான்மைப் பங்கை வாங்கிய ஹோல்டிங் கம்பெனியையும், அப்படி வாங்கப்பட்ட துணை நிறுவனத்தையும் சேர்த்து ஒரே பேலன்ஸ் ஷீட் போடும் கணக்கு. எனக்கு வழி திறந்தது தேதியில். பங்கு வாங்கிய நாளில் முதலில் ஒரு கோடு போட்டுவிடுவேன்: அதற்கு முந்தைய லாபம் மூலதன லாபம், பிந்தையது வருவாய் லாபம்.

உதாரணமாக, துணை நிறுவனத்தின் பங்கு மூலதனம் 1,00,000 ரூபாய், வாங்கும்போது இருந்த லாபம் 20,000. அதில் 80% பங்கை 1,10,000-க்கு வாங்கினால் நமக்குச் சேருவது 1,20,000-இல் 80%, அதாவது 96,000. கூடுதலாகக் கொடுத்த 14,000 குட்வில், அதாவது நற்பெயருக்கான மதிப்பு. பிறகு வந்த லாபம் 10,000 என்றால், 8,000 நம்முடையது. மீதிப் பங்கை வைத்திருக்கும் சிறுபான்மைப் பங்குதாரர்களுக்கு மொத்த 1,30,000-இல் 20%, அதாவது 26,000.

இவை கிடைக்கும்வரை பேலன்ஸ் ஷீட்டைத் தொடவே மாட்டேன். அவசரப்படுத்தும் டியூஷன் குறுக்குவழிகளைவிட இது எவ்வளவோ மேல். கம்பெனிகளுக்கிடையேயான கடன்களை நீக்குவது, ஒரு கம்பெனி மற்றதற்கு விற்று இன்னும் வெளியே விற்காத ஸ்டாக்கில் தங்கிய லாபத்தைக் கழிப்பது எல்லாம் அதற்குப் பிறகு.