அம்மா அப்பாவின் நினைவு நாளில் பைபிளைத் திறக்க: முதன்முறை உட்காருபவர்களுக்கு

அம்மா போய் முதல் வருஷ நினைவு வந்தபோது, வீட்டில் சொந்தங்களும் சபைக்காரர்களும் நிறைந்திருந்தார்கள். சபைப் போதகரான ஐயர் ஜெபித்தார், பாமாலைப் பாட்டுகள் பாடினோம், எல்லோரும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள். இரவு தனியாக உட்கார்ந்து பைபிளைத் திறந்தேன். எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. எங்கேயோ திறந்தேன், பலிச் சட்டங்கள் நிறைந்த லேவியராகமம் வந்தது. மூடிவிட்டேன்.

அதற்குப் பிறகு சில வருஷங்கள் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டதுதான் இது. அரைமணி நேரம் போதும்.

1. அவர்களுடைய பைபிளை எடுங்கள்

புதுப் பைபிளோ போனில் இருப்பதோ வேண்டாம். அம்மாவோ அப்பாவோ வாசித்த பிரதி இருந்தால் அதுவே நல்லது. என் அம்மா பென்சிலால் கோடு போடுவார். சில இடங்களில் ஓரத்தில் தேதியும் இருக்கும். நான் வேலை கிடைக்காமல் வீட்டில் கிடந்த நாட்களின் தேதி ஒன்று, சங்கீதம் 37-க்குப் பக்கத்தில் இருந்தது. எனக்காக உட்கார்ந்து வாசித்திருக்கிறார். என்னிடம் சொல்லவே இல்லை.

பிரதி இல்லாவிட்டால், அவர்கள் பழகிய மொழிபெயர்ப்பாவது இருக்கட்டும். சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை), லுத்தரன், பெந்தெகொஸ்தே வீடுகளில் பெரும்பாலும் பழைய மொழிபெயர்ப்புதான். கத்தோலிக்க வீடுகளில் 1995-இல் வந்த திருவிவிலியம் இருக்கும். முன்னதில் 'சங்கீதம்', பின்னதில் 'திருப்பாடல்'. பெயர் மாறினாலும் கீழே நான் சொல்லும் அதிகார எண்கள் இரண்டுக்கும் பொருந்தும்.

2. ஆறுதல் வசனத்தில் தொடங்காதீர்கள்

'இனி மரணமுமில்லை, துக்கமுமில்லை' என்ற வெளிப்படுத்தல் 21:4-க்கு எல்லோரும் நேராக ஓடுவார்கள். அருமையான வசனம்தான். ஆனால் அழுது முடிக்காதவருக்கு அது 'போதும், கண்ணைத் துடை' என்று அதட்டுவதுபோலக் கேட்கும். துக்க வீட்டில் 'எல்லாம் கர்த்தருடைய சித்தம்' என்று சொல்லிவிட்டு வாட்சைப் பார்ப்பவர்களை எனக்கு இன்றும் பிடிக்காது. பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபுவின் நண்பர்கள் பின்னால் என்னென்னவோ பேசிக் கெடுத்தார்கள்; ஆனால் முதல் ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள் (யோபு 2:13). அந்த ஏழு நாள் வரைக்கும் அவர்கள் நல்ல நண்பர்கள்.

ஆகவே முதலில் அழுதவர்களைத் தேடுங்கள். ஆதியாகமம் 50-இல் யோசேப்பு, இறந்துபோன தன் தகப்பன் யாக்கோபின் முகத்தின்மேல் விழுந்து அழுகிறான். அவன் எகிப்துக்கே அதிகாரி. மகனுக்கு அதெல்லாம் எங்கே நினைவிருக்கும்? எகிப்தியர் யாக்கோபுக்காக 70 நாள் துக்கம் கொண்டாடுகிறார்கள். அதன்பின் அடக்கம் செய்யப் போகும் வழியில், ஆத்தாத்தின் களம் என்ற இடத்தில் யோசேப்பு மறுபடி 7 நாள் துக்கிக்கிறான். யாரும் அவனை அவசரப்படுத்தவில்லை.

3. யோவான் 11-ஐ மெதுவாக வாசியுங்கள்

ஒரே ஒரு அதிகாரத்துக்குத்தான் நேரம் என்றால் இதை வாசியுங்கள். மார்த்தாள், மரியாள் என்ற சகோதரிகளின் சகோதரன் லாசரு இறந்து நாலு நாள் ஆகிவிட்டது. இயேசு தாமதமாகத்தான் வருகிறார். மார்த்தாள் எதிரே போய்ச் சொல்கிறாள்: நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் மரித்திருக்கமாட்டான். 21-ஆம் வசனம். கொஞ்ச நேரம் கழித்து மரியாள் வருகிறாள். 32-இல் அவளும் அதையேதான் சொல்கிறாள்.

அக்காவும் தங்கையும் நாலு நாளாக வீட்டுக்குள் இதைத்தான் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றும். நாமும் அப்படித்தானே? 'இன்னும் ரெண்டு நாள் முன்னாடி கூட்டிக்கிட்டுப் போயிருந்தா', 'அன்னைக்கு நான் ஊர்ல இருந்திருந்தா'. அந்த 'இருந்தால்' பைபிளிலேயே இருக்கிறது. சொன்னவர்களை இயேசு கண்டிக்கவில்லை. மார்த்தாளிடம் 'நானே உயிர்த்தெழுதலும் ஜீவனுமாயிருக்கிறேன்' என்று சொன்னவர், மரியாளின் அழுகையைப் பார்த்ததும் எதையும் விளக்கவில்லை. 'இயேசு கண்ணீர் விட்டார்.' 35-ஆம் வசனம், அவ்வளவுதான். இன்னும் சற்று நேரத்தில் லாசருவை எழுப்பப்போவது தெரிந்தும் அழுகிறார்.

இந்த இடத்தில் பைபிளை மடியில் வைத்துவிட்டு, உங்களுடைய 'இருந்தால்' எதுவோ அதைச் சத்தமாகச் சொல்லுங்கள். வீட்டில் ஆள் இருந்தால் மொட்டைமாடிக்குப் போங்கள்.

4. சங்கீதம் 23-ஐ அவர்கள் பெயரில் வாசியுங்கள்

ஞாயிறு பள்ளியிலேயே மனப்பாடம் செய்ததால் நாக்கு தானாக ஓடும், மனசுக்குள் எதுவும் இறங்காது. அதனால் 'என்' வரும் இடங்களில் அப்பாவையோ அம்மாவையோ வைத்துப் பாருங்கள்: 'கர்த்தர் என் அம்மாவின் மேய்ப்பராயிருந்தார்.' அடுத்தடுத்த வரிகளுக்கு அவர்கள் வாழ்க்கையிலிருந்து ஒரு நாளாவது ஞாபகம் வரும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். முதல் மூன்று வசனங்களில் தாவீது கடவுளை 'அவர்' என்கிறான்: அவர் மேய்த்து, அவர் நடத்துகிறார். நாலாவதில் மரண இருளின் பள்ளத்தாக்கு வந்ததும் பேச்சு மாறுகிறது: 'தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்.' புல்வெளியில் அவரைப் பற்றிப் பேசியவன், பள்ளத்தாக்கில் அவரிடமே பேசுகிறான்.

5. நல்ல நினைவு இல்லாதவர்களுக்கு

குடித்துவிட்டு அடித்த அப்பா, விட்டுவிட்டுப் போன அம்மா. நினைவு நாள் இவர்கள் பிள்ளைகளுக்கும் வரும். எல்லோரும் புகழ்ந்து பேசும்போது தொண்டை அடைக்கும். சங்கீதம் 27:10 உங்களுக்கானது: 'என் தகப்பனும் என் தாயும் என்னைக் கைவிட்டாலும், கர்த்தர் என்னைச் சேர்த்துக்கொள்ளுவார்.' பெற்றவர்களும் கைவிடலாம் என்பதை அது மறைக்கவில்லை. மனசு இன்னும் கனத்தால் சங்கீதம் 88. மற்றப் புலம்பல்களைப்போல அது கடைசியில் துதியாக மாறாது, இருட்டிலேயே முடிகிறது. அதையும் வேதத்தில் சேர்த்திருக்கிறார்கள்.

6. கடைசியாக ஒரு வசனம்

இப்போது வெளிப்படுத்தல் 21:4-ஐ வாசிக்கலாம். நான் யோவான் 14:18-ஐ வாசிப்பேன்: 'நான் உங்களைத் திக்கற்றவர்களாக விடேன்.' மூலக் கிரேக்கத்தில் அங்கே இருக்கும் சொல்லுக்கு அநாதைகள் என்றே பொருள். பேரன் பேத்தி எடுத்த பிறகும், அம்மா அப்பா இரண்டு பேரும் இல்லாத வீட்டுக்குள் நுழையும்போது அந்தச் சொல்லின் அர்த்தம் புரியும்.

வசனத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் இன்றைய தேதியை எழுதுங்கள். அம்மா போட்ட தேதி அங்கேயே இருந்தால் அதற்குக் கீழே. பேனா வேண்டாம், பைபிள் தாள் மெல்லிசு, மறுபக்கம் ஊறிவிடும். பிறகு எழுந்துபோய், அவர்கள் ஜெபம் முடித்துக் குடிக்கும் அதே கட்டங்காப்பியைப் போடுங்கள்.