எக்செல் தாளை வைத்து கப்சாயின் இன்ஜெக்‌ஷன் மேப்பைத் திருத்துவது

எக்சாஸ்ட் மாற்றியாகிவிட்டது, கேம்ஷாஃப்ட் மாற்றியாகிவிட்டது, புரோகிராம் செய்யக்கூடிய ஈசியூவும் (எரிபொருளைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி) மாட்டியாகிவிட்டது. ஆனால் யமாஹா ஒய்15-ஓ ஹோண்டா ஆர்எஸ்150-ஓ, கப்சாய் மோட்டார்சைக்கிள் நடு த்ராட்டிலில் இழுக்காமல் தயங்குகிறது. கோலாலம்பூர் ஒர்க்‌ஷாப்புகளில் இந்தக் குறையோடு வரும் மோட்டார்களுக்குக் கணக்கே இல்லை. பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: மேப்பை (எந்த ஆர்பிஎம்மில், எந்த த்ராட்டிலில் எவ்வளவு எரிபொருள் என்று ஈசியூவுக்குச் சொல்லும் கட்ட அட்டவணை) யாரோ காதால் கேட்டு, கையால் தடவி மாற்றியிருப்பார்கள். வைட்பேண்ட் சென்சார், மடிக்கணினி, எக்செல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபிஸ், இந்த மூன்றும் இருந்தால் அதே மேப்பை அளந்தே திருத்தலாம். பெருக்கல் வகுத்தல் இதில் சின்ன வேலை. எந்த எண்ணை நம்பலாம், எதைத் தூக்கி எறியலாம் என்று சலித்தெடுப்பதுதான் பெரிய வேலை.

மாட்டுவதற்கு முன்

கம்பெனி ஆக்சிஜன் சென்சார் நேரோபேண்ட் வகை. காற்று-எரிபொருள் விகிதம் (ஏஎஃப்ஆர்) 14.7-க்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று மட்டுமே அது சொல்லும். எவ்வளவு தூரம் என்று சொல்லாது. மேப் திருத்த வைட்பேண்ட் வேண்டும். பரவலாகக் கிடைப்பது போஷ் எல்எஸ்யு 4.9. அதன் மரை எம்18×1.5. கப்சாயின் சின்ன சென்சார் துளையில் அது ஏறாது என்பதால் எக்சாஸ்ட் குழாயில் தனி பங் (சென்சார் மாட்டும் மரை வளையம்) ஒன்றை வெல்டிங் செய்ய வேண்டும். கேட்டலிஸ்டுக்கு முன்னால் வையுங்கள். சென்சார் படுக்கைக் கோட்டிலிருந்து 10 டிகிரிக்கு மேல் நிமிர்ந்திருக்கட்டும். கீழ்நோக்கி வைத்தால் ஆவி நீராகித் தேங்கி உள்ளே இருக்கும் செராமிக் வெடித்துவிடும். குழாயின் வாய்ப்பக்கம் வைத்தால் வெளிக்காற்று திரும்ப உள்ளே வந்து, உண்மையில் இல்லாத லீனை (எரிபொருள் குறைவு) காட்டும். சிலிண்டர் ஹெட்டில் எக்சாஸ்ட் கேஸ்கெட் கசிந்தாலும் இதே பொய்தான். அதனால் பழைய கேஸ்கெட்டைக் கழற்றினால் புதியதையே போடுங்கள்.

பதிவு எடுக்கும்போது நேரோபேண்டின் குளோஸ்டு லூப்பை (அந்த சென்சாரைப் பார்த்து ஈசியூ தானே எரிபொருளைச் சரிசெய்வது) ஈசியூவில் அணைத்துவிடுங்கள். அது ஓடிக்கொண்டிருந்தால், நீங்கள் 6% கூட்டியதை ஈசியூ கமுக்கமாகக் குறைத்துவிடும். மேப் மாறினாலும் அளவு மாறவில்லையே என்று குழம்புவீர்கள்.

பதிவில் எட்டு நெடுவரிசைகள் வேண்டும்: நேரம், ஆர்பிஎம், த்ராட்டில் சதவீதம், ஏஎஃப்ஆர், எஞ்சின் வெப்பம், உள்ளிழுக்கும் காற்றின் வெப்பம், பேட்டரி வோல்ட், இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரம். வினாடிக்கு 20 வரிகள் போதும். வைட்பேண்ட் அனலாக் கம்பி வழியாக ஈசியூவுக்குள் போகிறது என்றால், வோல்ட்டை ஏஎஃப்ஆராக மாற்றும் சமன்பாட்டை அந்தக் கருவியின் கையேட்டிலிருந்து அப்படியே எடுங்கள். ஒவ்வொரு கம்பெனிக்கும் அது வேறு. பிறகு கருவியின் திரையில் தெரியும் எண்ணும் பதிவில் விழும் எண்ணும் ஒன்றா என்று ஐடிலில் பாருங்கள். 0.3 வித்தியாசம் இருந்தால் எர்த் கம்பியைச் சந்தேகப்படுங்கள். சென்சாரின் எர்த்தும் ஈசியூவின் எர்த்தும் ஒரே இடத்தில் சேர வேண்டும்.

சலிப்பது

பதிவை சிஎஸ்வி கோப்பாக இறக்கி முதல் தாளில் ஒட்டுங்கள். அதற்கு 'பதிவு' என்று பெயர் வையுங்கள். அதில் கை வைக்கவே வேண்டாம். எண்கள் கட்டத்தின் இடது ஓரமாக ஒட்டி நின்றால் எக்செல் அவற்றை எழுத்தாக எடுத்துக்கொண்டது என்று அர்த்தம். அவற்றை எண்ணாக மாற்றாமல் சராசரி வராது.

அடுத்து தாமதம். எரிந்த வாயு வால்விலிருந்து சென்சாருக்குப் போய், சென்சாரும் பதில் சொல்வதற்குள் நேரம் ஓடிவிடும். 5000 ஆர்பிஎம்மில் பதிவான ஏஎஃப்ஆர், சற்று முன்பு 4800-இல் எரிந்ததற்கு உரியது. இதைச் சரிசெய்யாமல் போடும் மேப், பக்கத்துக் கட்டத்தின் குறையை இந்தக் கட்டத்தில் எழுதிவிடும். அளக்கும் வழி: டைனோவில் (மோட்டாரை நின்ற இடத்திலேயே ஓட்டி அளக்கும் உருளை மேடை) 4000 ஆர்பிஎம்மில் த்ராட்டிலை அசையாமல் பிடித்துக்கொண்டு, மடிக்கணினியிலிருந்து அந்தக் கட்டத்திலும் சுற்றியுள்ள கட்டங்களிலும் ஒரே தட்டில் 10% எரிபொருள் கூட்டுங்கள். இன்ஜெக்டர் நேரம் குதித்த வரியிலிருந்து ஏஎஃப்ஆர் இறங்கத் தொடங்கும் வரி வரை எண்ணுங்கள். 4 வரி என்றால், வினாடிக்கு 20 வரிக் கணக்கில் தாமதம் 0.2 வினாடி. த்ராட்டிலைத் திடீரென்று திருகி இதை அளக்காதீர்கள். அப்போது ஆக்சிலரேஷன் எரிபொருளும் சேர்ந்து விழுந்து கணக்கைக் கலைக்கும். ஐடிலுக்கும் 8000-க்கும் தனித்தனியாக அளந்துகொண்டால் நல்லது. ஆர்பிஎம் ஏற ஏறத் தாமதம் குறையும். இரண்டாம் தாளில் 10-ஆம் வரியின் ஆர்பிஎம்முக்குப் பக்கத்தில் 14-ஆம் வரியின் ஏஎஃப்ஆர் வருமாறு வாய்ப்பாடு போட்டு, கடைசி வரை இழுத்துவிடுங்கள்.

பிறகு 'சரி' என்று ஒரு நெடுவரிசை. வரி நம்பத்தக்கது என்றால் 1, இல்லையென்றால் 0. கீழே உள்ளதில் ஒன்று இருந்தாலும் 0:

- எஞ்சின் வெப்பம் 80 டிகிரிக்குக் கீழ்.
- த்ராட்டில் 0.2 வினாடிக்குள் 2 புள்ளிக்கு மேல் அசைந்திருக்கிறது. அசைந்த பிறகு வரும் அரை வினாடியும் சேர்த்து.
- த்ராட்டில் மூடியிருக்கிறது, ஆர்பிஎம் 2500-க்கு மேல். ஈசியூ எரிபொருளையே நிறுத்தியிருக்கும். வெறும் காற்றைத்தான் சென்சார் படிக்கிறது.
- ஏஎஃப்ஆர் கருவியின் இரு எல்லைகளில் ஒன்றில் முட்டி நிற்கிறது.
- உள்ளிழுக்கும் காற்று 50 டிகிரிக்கு மேல்.

கடைசி நிபந்தனை நம் ஊருக்காகவே. மதியம் ஜாலான் துன் ரசாக் நெரிசலில் நின்றால் த்ராட்டில் பாடியும் காற்று சென்சாரும் எஞ்சின் சூட்டில் வெந்துவிடும். சென்சார் 55 டிகிரி என்று சொல்லும். விளக்கு பச்சையானதும் உள்ளே போவதோ 34 டிகிரிக் காற்று. காற்று சூடாக இருக்கிறது என்று நம்பி ஈசியூ எரிபொருளைக் குறைத்திருக்கும். கொஞ்ச தூரத்துக்கு எல்லாம் லீனாகத் தெரியும். அந்த வரிகளை வைத்துத் திருத்தினால் விடிகாலையில் மோட்டார் ரிச்சாக (எரிபொருள் அதிகமாக) ஓடும். மழைக்குப் பிறகு எடுத்த பதிவையும் வெயிலில் எடுத்ததையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். 34 டிகிரியிலிருந்து 25-க்கு இறங்கினாலே காற்றின் அடர்த்தி 3% கூடிவிடுகிறது.

கட்டங்களில் நிரப்புவது

ஈசியூ இரண்டு கட்டங்களுக்கு நடுவே இருக்கும் நிலைக்கு இரண்டையும் கலந்து எடுத்துக்கொள்ளும். அதனால் கட்டத்துக்கு மிக அருகில் இருக்கும் வரிகளை மட்டும் அந்தக் கட்டத்தின் கணக்கில் சேருங்கள். ஆர்பிஎம் இடைவெளி 500 என்றால், கட்டத்துக்கு இரு புறமும் 125 வரை. 5000-க்கு உரியவை 4875 முதல் 5125 வரை. எம்ரவுண்ட் வாய்ப்பாடு அருகிலுள்ள 500-ஐத் தரும். வித்தியாசம் 125-ஐத் தாண்டினால் 'சரி' 0. த்ராட்டில் இடைவெளிகள் சமமாக இருக்காது (2, 5, 10, 15, 20, 30, 40, 60, 80, 100 என்று போகும்). அதற்கு மேட்ச் வாய்ப்பாட்டில் நடுப்புள்ளிகளின் பட்டியலைக் கொடுங்கள்.

இப்போது பிவோட் டேபிள். குறுக்கே ஆர்பிஎம், கீழ்நோக்கி த்ராட்டில். ஏஎஃப்ஆரின் சராசரி, எண்ணிக்கை, திட்ட விலக்கம் மூன்றையும் எடுங்கள். ஆவரேஜ்இஃப்ஸ் வைத்தும் சராசரி எடுக்கலாம். ஆனால் ஆவரேஜ்இஃப்ஸ் போல் அவ்வளவு எளிதாக நிபந்தனையோடு திட்ட விலக்கம் தரும் வாய்ப்பாடு எக்செல்லில் இல்லை. பிவோட் அதைச் சுலபமாகத் தருகிறது. எண்ணிக்கை 30-க்குக் கீழோ விலக்கம் 0.5-க்கு மேலோ இருக்கும் கட்டத்தைத் தொடாதீர்கள். அவற்றுக்குச் சாம்பல் நிறம் வருமாறு நிபந்தனை வடிவமைப்பு போட்டுவிட்டால் கண் தானாகத் தாண்டிப் போகும்.

முழு த்ராட்டில் வேலை டைனோவில் மட்டும். பெடரல் ஹைவே மோட்டார் பாதையோ பினாங்கு பாலமோ அதற்கான இடமல்ல. 3000 முதல் 10000 வரை 7 வினாடியில் ஏறினால் ஒரு கட்டத்துக்கு 5 வரிதான் கிடைக்கும். ஆகவே குறைந்தது மூன்று ஓட்டம் ஓட்டி, இங்கே மட்டும் 30-க்குப் பதில் 15 வரி சேர்ந்ததும் நம்புங்கள்.

பெருக்கல்

'தேவை' என்று இன்னொரு தாள். சாதாரணமாக ஓடும் 150 சிசி மோட்டாருக்கு ஐடிலில் 13.5 முதல் 13.8, சீராகப் போகும்போது 14.0 முதல் 14.5, முழு த்ராட்டிலில் 12.8 முதல் 13.0. நடுவில் படிப்படியாக இறக்குங்கள்.

விகிதம் = அளந்த ஏஎஃப்ஆர் ÷ தேவையான ஏஎஃப்ஆர். அளந்தது 14.2, தேவை 13.4 என்றால் 1.06. அதாவது 6% கூட்ட வேண்டும்.

எதைக் கூட்டுவது என்பதில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். இன்ஜெக்டருக்கு மின்சாரம் போனதும் ஊசி உடனே திறப்பதில்லை. அந்தத் தாமதம் டெட் டைம். சுமார் 1 மில்லி செகண்ட். அந்த நேரத்தில் எரிபொருள் வராது. மேப்பில் இருப்பது மொத்த நேரம் என்றால், டெட் டைமைக் கழித்துவிட்டுப் பெருக்கி, மறுபடி கூட்ட வேண்டும்:

புதிய நேரம் = (பழைய நேரம் − டெட் டைம்) × விகிதம் + டெட் டைம்

ஐடிலில் மொத்தம் 2.0, டெட் டைம் 1.0, விகிதம் 1.10 என்று வையுங்கள். சரியான விடை 2.10. மொத்தத்தையும் பெருக்கியவர் 2.20 போடுவார், எரிபொருள் பகுதி 1.0-இலிருந்து 1.2 ஆகிவிடும். 10% கேட்ட இடத்தில் 20%. அடுத்த பதிவில் ரிச் என்று வரும், குறைப்பார், மறுபடி லீன் என்று வரும். மேப் இப்படி ஊஞ்சலாடினால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

மேப்பில் இருப்பது விஇ (சிலிண்டரில் எவ்வளவு காற்று நிரம்புகிறது என்ற சதவீதம்) என்றாலோ டெட் டைமைத் தனியாக வைத்திருக்கும் ஈசியூ என்றாலோ நேராகப் பெருக்குங்கள். கம்பெனி ஈசியூவோடு சேர்த்து மாட்டி, கூட்டல் கழித்தல் சதவீதமாகக் காட்டும் பிக்கிபேக் பெட்டிக்கு: புதிய சதவீதம் = (100 + பழைய சதவீதம்) × விகிதம் − 100.

ஒரு சுற்றில் முழுத் திருத்தத்தையும் போடாமல் 70% போடுங்கள்: 1 + 0.7 × (விகிதம் − 1). ஒரு கட்டமும் ஒரே தடவையில் 8%-க்கு மேல் மாற வேண்டாம். சாம்பல் கட்டங்களுக்குப் பக்கத்து நல்ல கட்டங்களின் திருத்தச் சராசரியைக் கொடுத்து, வரைபடத்தில் மேடு பள்ளம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே ஒரு கட்டம் முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தால் மேப்பை விடப் பதிவைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

ஒட்டும்போது கவனம். சில மென்பொருளில் ஆர்பிஎம் குறுக்கே, சிலவற்றில் கீழ்நோக்கி. திசை மாறினால் டிரான்ஸ்போஸ் செய்துவிட்டு ஒட்டுங்கள். பிறகு மூலைக் கட்டங்கள் இரண்டை எக்செல்லோடு ஒப்பிட்ட பிறகே எஞ்சினை ஸ்டார்ட் செய்யுங்கள்.

தாள் காட்டும் நோய்கள்

விகிதத் தாளைச் சிவப்பு நீல நிறத்தில் பார்த்தால், மேப்பால் தீராத குறைகளும் தெரியும். இந்த முறையின் பெரிய பலன் என்று நான் நினைப்பது இதைத்தான். ஈசியூவே தானாகத் திருத்தும் வசதி இருந்தாலும் இந்தத் தாளை ஒரு தடவையாவது போட்டுப் பார்க்கச் சொல்வது இதற்காகவே. அந்த வசதி நோயையும் சேர்த்து மேப்பில் எழுதிவிடும்.

தாள் முழுவதும் ஒரே அளவு லீன் என்றால் இன்ஜெக்டர் அளவு தவறாகக் கொடுக்கப்பட்டிருக்கும், அல்லது எரிபொருள் அழுத்தம் குறைவு. கட்டம் கட்டமாகத் திருத்தாமல் மூலத்தைச் சரிசெய்யுங்கள்.

குறைந்த த்ராட்டிலும் குறைந்த ஆர்பிஎம்மும் உள்ள மூலை மட்டும் லீன் என்றால் டெட் டைம் தவறு, அல்லது த்ராட்டில் பாடிக்கும் ஹெட்டுக்கும் நடுவே உள்ள ரப்பர் வெடித்துக் காற்று உறிஞ்சுகிறது. வோல்ட் நெடுவரிசையையும் பாருங்கள். ரேடியேட்டர் விசிறி, விளக்கு, வைட்பேண்டின் ஹீட்டர் எல்லாம் சேர்ந்து ஐடிலில் வோல்ட்டை இறக்கும். வோல்ட் இறங்கினால் டெட் டைம் நீளும்.

8000-க்கு மேல் பெரிய த்ராட்டிலில் மட்டும் லீன், கூட்டினாலும் மாறவில்லை என்றால் பம்பின் வடிகட்டி அடைத்திருக்கும், அல்லது இன்ஜெக்டர் போதவில்லை. கணக்கு: நேரம் × ஆர்பிஎம் ÷ 1200 = டியூட்டி சதவீதம். 10000 ஆர்பிஎம்மில் 10.2 மில்லி செகண்ட் என்றால் 85%. அதற்கு மேல் போனால் பெரிய இன்ஜெக்டர் போட வேண்டிய நேரம்.

ஏஎஃப்ஆர் 13-க்கும் 17-க்கும் நடுவே பல்லு பல்லாகக் குதித்தால் அது மிஸ்ஃபயர் (கலவை தீப்பற்றாமல் போவது). எரியாத ஆக்சிஜன் வெளியே வருவதால் சென்சார் லீன் என்கிறது. அதை நம்பி எரிபொருள் கூட்டினால் பிளக் நனைந்து இன்னும் மோசமாகும். பிளக்கையும் காயிலையும் முதலில் பாருங்கள். பெரிய கேம் போட்ட மோட்டார் ஐடிலில் இப்படித்தான் பொய் சொல்லும். அங்கே ஏஎஃப்ஆரை விட்டுவிட்டு ஆர்பிஎம் சீராக நிற்கும் அளவை வையுங்கள்.

கெந்திங் மலை ஏறுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உச்சி சுமார் 1800 மீட்டர்; காற்றழுத்தம் 101 கிலோ பாஸ்கலிலிருந்து ஏறக்குறைய 81-க்கு இறங்கும். த்ராட்டிலையும் ஆர்பிஎம்மையும் மட்டும் பார்க்கும் மேப், காற்றழுத்தத் திருத்தம் இல்லாவிட்டால், கீழே 13.0 இருந்த இடத்தில் மேலே 10.5 பக்கம் போய்விடும். மேலே எடுத்த பதிவைக் கீழுள்ள மேப்பில் கலந்தால் கீழே ஆபத்தான லீன். கோலாலம்பூரில் போட்ட மேப் ஜார்ஜ்டவுனில் அப்படியே ஓடும். உயர வித்தியாசம் சொற்பம்.

பதிவு, சலிப்பு, பெருக்கல் என்று சுற்றிச் சுற்றி வாருங்கள். ஆர்ஓஎன்95 பெட்ரோல் போட்டுத் தொடங்கினால் கடைசி வரை அதே. இக்னிஷன் டைமிங்கையும் இடையில் தொடாதீர்கள். அதிகம் பயன்படும் கட்டங்களில் விகிதம் 0.98-க்கும் 1.02-க்கும் நடுவே வந்ததும் நிறுத்திவிடலாம். அதைவிட நுணுக்கமாகத் திருத்தப் போனால் வானிலையைத்தான் திருத்திக்கொண்டிருப்பீர்கள். ஒவ்வொரு சுற்றின் மேப்பையும் தேதியோடு தனிக் கோப்பாக வையுங்கள். குளோஸ்டு லூப்பை மறுபடி இயக்குங்கள். வைட்பேண்டுக்கு மின்சாரம் தராமல் ஓடும் எக்சாஸ்டில் விட்டால் கரி படிந்து கெட்டுவிடும். ஆகவே கழற்றி, துளையில் எம்18 அடைப்பு நட்டைச் செம்பு வாஷரோடு முடுக்கிவிடுங்கள்.